தலைவலிக்கு ஒரு நர்ஸ்

ஜட்ஜ் துரையின் மனைவி நர்ஸ் சங்கம் ஆரம்பித்த கதை நல்லபடியாகத்தான் தொடங்கியது. கப்பலில் வந்து இறங்கிய ஒரு வெள்ளைக்கார இளைஞன், பாங்கில் குமாஸ்தா, விஷக் காய்ச்சல் வந்து விடுதி அறையில் வாய் நனைக்க ஆளில்லாமல் செத்துப்போனான். கதவை உடைத்துப் பார்த்தபோது தண்ணீர்க் கூஜா கைக்கு எட்டாத தூரத்தில் நிறைந்து இருந்ததாம். இதைக் கேட்டு ஜட்ஜ் அம்மா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டுச் சமையல்காரனே சொன்னான். சீக்கிரமே கிளப் ஹாலில் துரைமார் குடும்பங்களையெல்லாம் கூட்டி, வருஷச் சந்தா வைத்து, தனி நர்ஸ் சங்கம் ஒன்றை நிறுவிவிட்டார். சந்தா கட்டிய வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு சீட்டு எழுதி அனுப்பினால் போதும். நர்ஸ் அந்த வீட்டுக்கே வந்து, குணமாகும்வரை தங்கிப் பார்த்துக்கொள்வாள்.

நர்ஸுகளைச் சீமையிலிருந்து வரவழைப்பதாக ஏற்பாடு. நாலு பேர் வருவதாகச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்திக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, வந்த கப்பலிலேயே திரும்பிவிட்டாள். இன்னொருத்தி தான் முதலில் பார்த்துக்கொண்ட நோயாளியையே கல்யாணம் கட்டிக்கொண்டு சந்தாதாரர் ஆகிவிட்டாள். சங்கம் இருக்கிறது, சந்தா இருக்கிறது, நர்ஸ் மட்டும் இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் துரை, ஜட்ஜ் பங்களாவில் வாரம் தவறாமல் சீட்டாடுகிறவர். ஒரு ஆட்டம் முடிவதற்குள் காரியம் முடிந்தது. சங்கத்துக்குத் தேவைப்படும்போதெல்லாம் பெண்கள் வார்டு நர்ஸுகளைக் கடனாக எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவாகிவிட்டது.

அந்த வார்டில் மொத்தமே ஆறு நர்ஸுகள். அதில் மூத்தவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளிகள், கூட்டுகிறவர்கள், மருந்து கலக்குகிற கம்பவுண்டர், அவளைவிட வயதில் பெரிய ஆயாக்கள்கூட. நாமும் அப்படியே கூப்பிடுவோம். கட்டுமஸ்தான உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய கோபம். மருந்துப் புட்டியை மூடி போடாமல் வைத்தவன் அவள் கண்ணில் பட்டால் அன்றைக்கு அவன் பாடு திண்டாட்டம்தான். அந்தக் கோபத்தை வார்டுக்காரர்கள் ஒரு பாதுகாப்பாகவே வைத்திருந்தார்கள். "அக்கா டூட்டியில இருக்காளா? அப்ப நிம்மதியாத் தூங்கலாம்" என்பார்கள்.

சங்கம் வந்த பிறகு ஆறு பேரில் இரண்டு மூன்று பேர் எந்நேரமும் பங்களாக்களில்தான். அக்காவும் போனாள். ஒரு வீட்டில் துறைமுகத் துரைக்குக் கால் விரலில் முள். இன்னொரு வீட்டில் துரைசாணிக்கு மனசு சரியில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக் காட்டவேண்டும். வேறொரு வீட்டில் நாய்க்குக் கட்டுப் போடச் சொன்னார்கள். போட்டாள். போட்டுவிட்டு வார்டுக்கு வந்தால், காலையிலிருந்து துணி மாற்றாத பிள்ளைத்தாய்ச்சி அழுதுகொண்டு கிடப்பாள். அக்கா பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அக்காவின் நாத்தனாருக்கு வீட்டில் குட்டி என்று பெயர். வளர்ந்து, கல்யாணமாகி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்த பிறகும் குட்டிதான். அக்கா கல்யாணமாகி வந்தபோது அவள் பாவாடை கட்டிய சின்னப் பெண். தாயில்லாதவள். அண்ணன் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர், விடிந்தால் போய் இருட்டினால் வருகிறவர். ஆக, தலை பின்னியதும் திட்டியதும் பள்ளிக்கூடம் அனுப்பியதும் எல்லாம் அண்ணிதான். குட்டியின் புருஷன் கப்பலில் கரி அள்ளுகிறவன், போனால் பல மாதம் வரமாட்டான். அதனால் பிரசவத்துக்கு அண்ணி வீடு, அண்ணியின் வார்டு.

வலி எடுத்தது ஒரு காலை வேளையில். அக்கா அவளைக் கைத்தாங்கலாக நடக்கவைத்துக்கொண்டிருந்தபோது மேட்ரன் வந்து நின்றாள். மேட்ரன் கெட்டவள் இல்லை, பயந்தவள். யார் முகத்தையும் பார்க்காமல் பேசுவது அவள் பழக்கம்.

"வண்டி வந்திருக்கு. சுங்கத்துரை வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம்."

"என்ன உடம்புக்கு?"

"தலைவலியாம்."

"மேடம், இவளுக்கு வலி வந்திருச்சு. இங்க நானும் ஒல்லியும்தான் இருக்கோம். நான் போயிட்டா ஒல்லி ஒருத்தி பிரசவத்தைப் பார்ப்பாளா, வார்டைப் பார்ப்பாளா?"

ஒல்லி என்பது இன்னொரு நர்ஸ். இளையவள். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது என்பதால் அந்தப் பெயர்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் மேட்ரன் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஜட்ஜ் அம்மா உன்னைத்தான் அனுப்பச் சொல்லியிருக்காங்க. அனுப்பலைன்னா பெரிய டாக்டர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்."

அக்கா வாயைத் திறப்பதற்குள் குட்டி முந்திக்கொண்டாள். வலியிலும் அவளுக்கு வாய் ஓயாது. "போயிட்டு வாங்க அண்ணி. தலைவலிதானே? கொஞ்சம் தைலம் தேய்ச்சு, ஒரு அதட்டு அதட்டிட்டு வாங்க, பறந்துரும். அதுக்குள்ள நான் பெத்து வெச்சிருக்கேன்."

அக்கா போனாள்.

சுங்கத்துரையின் பங்களா ஊருக்கு வெளியே மேட்டில் இருந்தது. திரைகளை இழுத்துவிட்ட அறையில் துரைசாணி படுத்திருந்தாள். காய்ச்சல் இல்லை, நாடி சீராக இருந்தது, நாக்கு சுத்தமாக இருந்தது. நெற்றிக்கு வாசனைத் தண்ணீரில் நனைத்த துணி போடவேண்டும், அது சூடானால் மாற்றவேண்டும். அவ்வளவுதான் வேலை. அக்கா அவர்கள் பாஷையை ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டிருந்தாள், நன்றாகவே பேசுவாள். வந்தவுடன் பணிவாகச் சொன்னாள்: "அம்மா, என் நாத்தனாருக்குப் பிரசவ வலி. வார்டுல ஒரே ஒரு நர்ஸ்தான் இருக்கா. உங்களுக்கு வேண்டியதைச் செஞ்சு வெச்சுட்டு நான் போகட்டுமா?"

"நீ போயிட்டா துணியை யார் மாத்துவா?" என்றாள் துரைசாணி கண்ணைத் திறக்காமல்.

மத்தியானம் அவள் கொஞ்சம் ரொட்டியும் சூப்பும் சாப்பிட்ட பிறகு அக்கா மறுபடியும் கேட்டாள். நர்ஸை அனுப்புவதும் வைத்துக்கொள்வதும் சந்தாதாரர் இஷ்டம், அது சங்கத்தின் சட்டம் என்று பதில் வந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் மூன்றாவது முறை கேட்டபோது அக்காவின் குரலில் பணிவு இல்லை.

"முதல் பிரசவம்மா அவளுக்கு. சின்ன உடம்பு. உங்களுக்கு ஒண்ணும் இல்லை. நான் சத்தியமாச் சொல்றேன், உங்களுக்கு ஒண்ணுமே இல்லை."

துரைசாணி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "என்னமோ பெரிய விஷயம் மாதிரி பேசறே. உங்க பொம்பளைங்க வேலை செய்யற இடத்துலயே பெத்துப் போட்டுட்டு அப்படியே எழுந்து போவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். எனக்குத் தலை வெடிக்குது. சத்தம் போடாதே."

வண்டியைத் திருப்பி அனுப்பியாயிற்று. நடந்தாவது போய்விடலாம் என்று வாசல்வரை வந்தாள் அக்கா. போனால் வேலை போகும். வேலை போனால் நாளைக்கு அந்த வார்டுக்குள் கால் வைக்க முடியாது, குட்டி பக்கத்திலேயே நிற்க முடியாது. அப்படிக் கணக்குப் போட்டு, திரும்பி வந்து, துணியை நனைத்துப் பிழிந்தாள். பிழிந்த பிழியில் துணி கிழியாமல் இருந்தது ஆச்சரியம்.

மறுநாள் காலை துரைசாணி முட்டை சாப்பிட்டு, வெளியே போக உடை மாற்றிக்கொண்டு, "இப்போ நீ போகலாம்" என்றாள்.

வார்டு வாசல் படியில் ஒல்லி உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததுமே அக்காவின் கால் நின்றுவிட்டது.

"குழந்தை நல்லா இருக்கு அக்கா. பொண்ணு" என்றாள் ஒல்லி.  மற்றதைத் துண்டு துண்டாகச் சொன்னாள். பிரசவம் சுகமாகத்தான் ஆனது. குட்டி சிரித்தாள், "அண்ணிகிட்ட நானே சொல்லுவேன், நீ சொல்லிடாதே" என்றாள். சற்று நேரத்தில் வார்டின் மறு கோடியில் ஒரு கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொள்ளாமல், கட்டிலிலிருந்து விழாமல் அவளைப் பிடித்துக்கொண்டு ஒல்லி நின்றாள். விடமுடியவில்லை. திரும்பி வந்தபோது குட்டி தூங்குகிறாள் என்றே நினைத்தாள். போர்வை காய்ந்திருந்தது, அடியில் மெத்தைதான் ரத்தத்தில் நனைந்திருந்தது. டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அக்கா அழவில்லை. ஒல்லியைத் திட்டவும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, கம்பாசிட்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ அங்க இருந்திருந்தா?"

"கூடவே உக்காந்திருப்பேன். ரத்தம் போறது அப்பவே தெரிஞ்சிருக்கும். வயித்துல கையை வெச்சு அழுத்தித் தேய்ச்சிருப்பேன். முக்கால்வாசி பேருக்கு அதுலயே நின்னுடும்."

"முக்கால்வாசி."

"ஆமா. பொய் சொல்லமாட்டேன். முக்கால்வாசி."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொண்டார். அவர் கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் பங்கையும் சேர்த்து அவளே சுமக்க வேண்டியதாயிற்று.

சங்கத்தின் முதல் ஆண்டு விழா வந்தது. ஊழியம் செய்த நர்ஸுகள் சலவை மடிப்போடு வந்து ஹாலின் பின்பக்கம் வரிசையாக நிற்கவேண்டும் என்று உத்தரவு. முன்னால் நாற்காலிகளில் துரைமாரும் துரைசாணிகளும். விசிறிகள் அசைந்தன. ஜட்ஜ் அம்மா மேடையில் நின்று, தனிமையில் இறந்துபோன அந்த இளைஞனைப் பற்றிப் பேசினார். குரல் தழுதழுத்தது, நடிப்பில்லை. பிறகு, "நம் சமூகத்தில் இனி ஒருவர்கூடக் கவனிப்பாரில்லாமல் சாகமாட்டார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்புறம் சுங்கத்துரையின் மனைவி எழுந்தாள். தான் நோயில் துடித்தபோது ஒரு நர்ஸ் பகலிரவு பாராமல் பக்கத்திலேயே இருந்ததாகவும், சொந்த வேலைகளைக்கூட ஒதுக்கிவைத்துவிட்டு இருந்ததாகவும் சொல்லி, சட்டையில் குத்திக்கொள்கிற ஒரு வெள்ளிப் பதக்கத்தைக் காட்டினாள். "வா, வந்து வாங்கிக்கொள்" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

அக்கா வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். கை நீட்டவில்லை.

"சொந்த வேலைன்னு சொன்னீங்களே, அது என்ன வேலைன்னு இவங்களுக்கும் சொல்லுங்கம்மா" என்றாள். அவர்கள் பாஷையில்தான் சொன்னாள், கடைசி நாற்காலிவரைக்கும் கேட்கிற குரலில்.

துரைசாணி விழித்தாள்.

"சரி, நானே சொல்றேன். என் நாத்தனாருக்குப் பிரசவம். உங்களுக்குத் தலைவலி. நான் உங்க நெத்தித் துணியை மாத்திக்கிட்டு இருந்த நேரத்துல அவ ரத்தம் போய்ச் செத்துட்டா. வார்டுல பார்க்க ஆள் இல்லை. ஆள் உங்க வீட்டுல இருந்தா."

விசிறிகள் நின்றுவிட்டன. "ஐயோ" என்றாள் துரைசாணி. நிஜமாகவே முகம் வெளுத்துப்போயிற்று. "எனக்குத் தெரியாதே. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனே."

"தெரியும். மூணு தடவை சொன்னேன். உங்க பொம்பளைங்க பெத்துப் போட்டுட்டு எழுந்து போவாங்கன்னு பதில் சொன்னீங்க. அவ எழுந்து போகலைம்மா. தூக்கிக்கிட்டுத்தான் போனோம்."

ஜட்ஜ் அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து அக்காவின் தோளில் கை வைத்தார். "உன் துக்கம் எனக்குப் புரியுது. ஆனா இது அதுக்கான இடம் இல்லை."

"இதுக்கான இடம் எது? சொல்லுங்க, அங்க வந்து பேசறேன். கவனிப்பாரில்லாம யாரும் சாகமாட்டாங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க. உங்க ஆள் ஒருத்தருக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் இல்லைன்னு சங்கம் வெச்சீங்க. அதுக்காக எங்க ஆளுங்க கைக்கு எட்டற தூரத்துல இருந்த கூஜாவை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்களே!"

தோளிலிருந்த கையை விலக்கிவிட்டு வெளியே நடந்தாள். அன்று சாயங்காலமே வேலை போய்விட்டது. உத்தரவைக் கொண்டுவந்த மேட்ரன் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்து அழுதாள். "அழுது என்ன மேடம் ஆகப்போகுது?" என்று அக்கா அதற்கும் எரிந்து விழுந்தாள்.

வேலை இல்லாத நர்ஸ் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால் தெரு சும்மா இருக்குமா? புண்ணுக்குக் கட்டுப்போட, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்க, ஆஸ்பத்திரியிலிருந்து பாதி குணத்தோடு அனுப்பப்பட்டவனைப் பார்த்துக்கொள்ள என்று ஆட்கள் வந்தார்கள். அக்காவுக்கு ஒரு எண்ணம் பிறந்தது. வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நர்ஸ் என்பது நல்ல ஏற்பாடுதான். அதை அவர்கள் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டதுதான் அயோக்கியத்தனம். நாமே ஒன்று ஆரம்பித்தால் என்ன? கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டிருந்த பழைய நர்ஸ் ஒருத்தி இருந்தாள். தடித்த கண்ணாடி போட்டதால் சோடாபுட்டி என்று பெயர். புருஷன் குடிகாரன், மூன்று பிள்ளைகள். கூப்பிட்டவுடன் ஓடி வந்தாள்.

இடம் வேண்டும், மருந்து வேண்டும். அதற்கு மண்டி முதலாளி முன்வந்தார். ஊரில் பாதிக் கடைகளுக்குச் சரக்கு அவர் கிடங்கிலிருந்துதான். கிளப் ஹாலில் நடந்ததைக் கேள்விப்பட்டு அவரே தேடி வந்தார். "சபாஷ் தாயி! வெள்ளைக்காரி மூஞ்சிக்கு நேரா கேட்டீங்களாமே! நம்ம ஜனங்களுக்கு நாமதான் செய்யணும். என் கிடங்கு மாடி சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கோங்க." வாசலில் பலகை மாட்டினார், மருந்துச் செலவுக்கென்று தனக்கு வேண்டியவர்களிடம் சந்தா வாங்கினார். மாலை போட்டுக்கொண்டு பேசினார். நம்மவர், நம் மக்கள், நம் கை என்று நூறு தடவை சொன்னார். அக்காவுக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

முதலாளியின் அம்மாவுக்குக் கால் குடைச்சல். நர்ஸ் வந்து பிடித்துவிட்டால் இதமாக இருக்கிறது என்றார்கள். ஒரு நாள் என்று போனது தினமும் ஆயிற்று. அப்புறம் முதலாளியின் மச்சான் வீடு, மச்சானின் பங்காளி வீடு, அவர்களுக்கெல்லாம் தொப்பை கரைய வயிறு நீவல், அவர்கள் பெண்டாட்டிகளுக்குத் தூக்கம் வராத வியாதி. அக்கா முதலில் பொறுத்தாள். இடம் கொடுத்தவராயிற்றே.

ஒரு நாள் காலை அந்தக் கிழவியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பின்வாசலில் வந்து நின்று அழுதாள். அவள் புருஷன் பார வண்டிக்காரன், முதலாளியின் சரக்கையே ஏற்றிப் போகிறவன். சக்கரம் ஏறி முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று வீட்டுக்கு அனுப்பி, இப்போது புண் சீழ்பிடித்து, காய்ச்சலில் பிதற்றுகிறான்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் முதலாளி. ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டிக்காரர் வீட்டுக்கு. சீழ் பிடிச்சிருச்சாம்."

"அம்மாவுக்குக் கால் வலிக்குதே. முடிச்சுட்டு மத்தியானமாப் போங்களேன்."

"மத்தியானம் அவர் இருக்கணுமே."

முதலாளி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "தாயி, தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்கெல்லாம் ஒரு முறை வேணும். அவன் என்ன, சந்தா கட்டினானா? கட்டினவங்களுக்கு இல்லாம கண்டவனுக்கும் போயிட்டு இருந்தா நாளைக்கு யார் ஆதரவு தருவா?"

 இதே பேச்சை அக்கா வேறு பாஷையில், வேறு அறையில் கேட்டிருக்கிறாள். ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஜட்ஜ் அம்மா வேற ஊர்க்காரி. அவளுக்கு நாம யாரோ. நீங்க? அவர் கால் போனது யார் சரக்கு ஏத்தி? உங்க மூட்டைதானே அந்த வண்டியில இருந்துச்சு! நம்ம ஜனம், நம்ம ஜனம்னு பலகை மாட்டினீங்களே, அதுல உங்க மச்சான் தொப்பைதான் ஜனமா?"

"மரியாதையாப் பேசுங்க!"

"மரியாதையா மூணு தடவை கேட்டுப் பார்த்தவ நான். அதுக்கு என்ன கிடைச்சுதுன்னு எனக்குத் தெரியும். உங்க மாடியை நீங்களே வெச்சுக்கோங்க."

சோடாபுட்டியையும் கூப்பிட்டாள். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்து முடியவில்லை. "எனக்கு மூணு பிள்ளைங்க அக்கா" என்றாள் கடைசியில். அவளைக் குறை சொல்ல முடியாது. அக்கா சொன்னாள். தெரு முனைவரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள்.

வண்டிக்காரரின் வீடு ஒற்றை அறை. கட்டைப் பிரித்தபோது எழுந்த நாற்றத்தில் அவர் மனைவி வெளியே ஓடிவிட்டாள். கொதித்த தண்ணீர், மருந்துத் தண்ணீர், கிழித்த துணி. அழுகியதை வெட்டி எடுத்துக் கழுவி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுத்து, அக்கா அங்கேயே கிடந்தாள். கம்பாசிட்டர் மாற்றுத் துணியும் மருந்தும் கொண்டுவந்து கொடுப்பார், குழந்தையைக் காட்டிவிட்டுப் போவார். காய்ச்சல் இறங்கிய அன்று வண்டிக்காரர் கண்ணைத் திறந்து, "யாரும்மா நீ, இப்படி என்னைத் திட்டிக்கிட்டே இருக்கே?" என்றார். பிழைத்தார்.

ஆனால் ஒருத்தி எத்தனை வீட்டுக்குப் போகமுடியும்? அந்தச் சமயத்தில்தான் ஒரு சாயங்காலம் ஒல்லி வீட்டுக்கு வந்தாள். அவள் இன்னும் ஒல்லியாகியிருந்தாள்.

"அக்கா, நாளைக்கு ஜட்ஜ் பங்களாவுக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. விருந்தாளிக்குச் சளியாம். வார்டுல வலிப்புக் கேஸ் ரெண்டு இருக்கு. நான் என்ன செய்யட்டும்? போகாதேன்னு நீங்க சொல்லுங்க, நான் போகலை."

"நான் சொல்லமாட்டேன்" என்றாள் அக்கா. "ஒருத்தி போகலைன்னா அவளை வேலையை விட்டுத் தூக்கிட்டு இன்னொருத்தியை அனுப்புவாங்க. நான் பேசினேனே, என்ன ஆச்சு? ஹாலே வாயடைச்சுப் போச்சு. மறுநாள் வண்டி வந்து வேற ஆளை ஏத்திக்கிட்டுப் போச்சு. எல்லாரையும் கூட்டிட்டு வா."

அன்று அந்தச் சின்ன வீட்டில் டூட்டியில் இல்லாத நர்ஸுகள் அத்தனை பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வாசலில் கழற்றிய செருப்புகளைப் பார்த்து, "கல்யாணமா, கட்சியா?" என்றார் கம்பாசிட்டர். யாரும் சிரிக்கவில்லை. பயம். ஒருத்திக்கு அப்பா படுக்கையில், ஒருத்திக்குத் தம்பி படிப்பு. அக்கா யாரையும் தேற்றவில்லை. "பயம் இருக்கட்டும். நானும் பயந்துதான் அந்த வாசல்ல இருந்து திரும்பிப் போனேன். ஒத்தையா நின்னதால பயந்தேன். உங்களுக்கு அந்தக் கதி வேண்டாம்" என்றாள். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வார்டிலிருந்து யாரும் பங்களாவுக்குப் போவதில்லை. ஓய்வு நேரத்தில் முறை வைத்து அக்காவோடு ஊருக்குள் போவார்கள், யாருக்கு ரொம்ப முடியவில்லையோ அவர்களுக்கு முதலில். வசதி உள்ளவர்கள் கொடுப்பதைக் கொடுக்கட்டும், இல்லாதவர்களைக் கேட்பதில்லை.

மறுநாள் வண்டி வந்தது. ஒல்லி, "நான் வரமாட்டேன்" என்றாள். அடுத்தவளும் இல்லை என்றாள். அதற்கு அடுத்தவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேவிட்டாள். பெரிய டாக்டர் துரை பூட்ஸ் சத்தம் அதிர வந்து, "யார் உங்களுக்கு இந்தத் திமிரைக் கொடுத்தது?" என்று கத்தினார். அப்போதுதான் யாருமே எதிர்பாராதது நடந்தது. மேட்ரன் அவரை நேராகப் பார்த்தாள்.

"நான்தான் அனுப்பலை சார். இவங்க போனா வார்டுல ஆள் இல்லை. செத்தவங்க கணக்கு என் தலையில விழுது. என்னை வேணும்னா அனுப்புங்க, துணி நனைச்சுப் போடறேன். எல்லாரையும் நீக்கறீங்கன்னா நீங்களே வந்து இங்க பிரசவம் பாருங்க."

கர்ப்பிணிப் பெண்கள் கட்டில்களிலிருந்து எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் துரை எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று. அடுத்த முறையும் காலியாகவே போயிற்று. அப்புறம் வரவில்லை.

சில மாதங்களில் சங்கத்துக்குச் சீமையிலிருந்து மூன்று நர்ஸுகள் வந்து சேர்ந்தார்கள். கம்பாசிட்டர் வேலை செய்த அச்சகத்துக்கே அந்தச் செய்தி அச்சுக்கு வந்தது. வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுவந்து படித்துக் காட்டினார். ஏழைப் பெண்களின் வார்டுக்கு இடைஞ்சல் நேரக்கூடாது என்ற கருணையினால், ஜட்ஜ் அம்மையார் தாமே முன்வந்து, ஆஸ்பத்திரி நர்ஸுகளை இனி எடுப்பதில்லை எனத் தீர்மானித்தார் என்று போட்டிருந்தது.

"பாத்தியா, ஜெயிச்சுட்டே. ஆனா ஜெயிச்சது அவங்க பேர்ல" என்று சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. பத்திரிகையைப் பிடுங்கித் தானே ஒருமுறை படித்தாள்.  "கருணையாம்! கருணை! இந்த எழுத்தை நீங்களா கோர்த்தீங்க?"

"நான்தான். என் வேலை அது."

"உங்க தங்கச்சி பேரு எங்கயாவது இருக்கா இதுல?"

அவர் சிரிப்பு போய்விட்டது. "கோர்க்கும்போது நானும் தேடினேன்" என்றார். அன்றைக்குத்தான், தங்கை போன பிறகு முதல்முறையாக, அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று வாய்விட்டு அழுதார். அக்கா அவர் முதுகில் கை வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, அந்தக் கோபம் மட்டும் அப்படியே இருந்தது. கடைசிவரைக்கும் இருந்தது.

தூளியில் கிடந்த குழந்தை சத்தத்தில் விழித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. வாசலில் ஒல்லி வந்து நின்று, தோல் கிடங்குத் தெருவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருக்கிறது, வயிற்றில் குழந்தை குறுக்கே கிடப்பது போலிருக்கிறது என்றாள். அக்கா குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, "இன்னும் என்ன பார்த்துக்கிட்டு நிக்கறே, நட" என்று ஒல்லியை அதட்டியபடி தெருவில் இறங்கினாள்.